நம்மைப் பற்றி நாமே எழுதும் தாள்

மனிதன் எழுதும் எழுத்துக்களுள் மிகக் கடினமானது எது என்று என்னைக் கேட்டால், கவிதையுமன்று, கதையுமன்று, தன்னைப் பற்றித் தானே எழுதவேண்டிய ஒரு பக்கந்தான் என்பேன். பிறரைப் பற்றி எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதிக் குவிக்கும் மாணவன், "நீ யார்? உனக்கு என்ன தெரியும்?" என்று வினவும் வெள்ளைத் தாளின் முன்னே பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து விடுகின்றான். முன்னாளில் இதனை விண்ணப்பம் என்றனர். இடையில் பயோடேட்டா என்றனர். இன்றைய பத்திரிகை விளம்பரங்கள் சுயவிபரக் கோவை என்கின்றன. பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. முன்பின் அறியாத ஒருவர் கையில், நமக்குப் பதிலாக நம் தாள் போய் நிற்கின்றது.

கண்டி மாநகரில் ஒரு கந்தோரில் நெடுங்காலம் பணி புரிந்தவன் நான். வேலை கோரி வரும் கடித உறைகளைப் பிரித்து, நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கத் தக்கவர் யாவர் என்று பட்டியல் தயாரிப்பது என் கடமைகளுள் ஒன்றாக இருந்தது. ஓய்வு பெற்ற பின்னர், கலகா, தெல்தோட்டை, புசல்லாவை, கம்பளைப் பக்கங்களிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர், தங்கள் விண்ணப்பங்களைப் பார்த்துத் திருத்தித் தரும்படி கேட்பதுண்டு. அவற்றை வாசித்துத் தெரிந்தவனாகவும், எழுத உதவியவனாகவும் இருந்தமையால் என் மனத்திற்பட்ட சிலவற்றை இங்கே சொல்ல விரும்புகின்றேன்.

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வாழும் எம்மவருக்கும் வேலைக் காகிதத்துக்கும் உள்ள உறவு பழையது, அவ்வளவு இனியதன்று. தெல்தோட்டைக்கு அப்பாலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவரோடு நின்று காடு வெட்டிக் குழி தோண்டியவர்களின் பெயர்களைச் சொல்லக்கூடியவர் யார்? பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடல் கடந்து வந்த தொழிலாளிக்கு 'டின் டிக்கட்' எனும் தகரச் சீட்டைக் கொடுத்தனர். அதில் பொறிக்கப்பட்டிருந்தவை தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் இலக்கங்கள். ஊர், பெயர், குலதெய்வம் யாவும் உள்ள ஒரு மனிதனுக்கு அதுவே அடையாளமாயிற்று.

அதனினும் கொடியது 'துண்டு' முறை. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின் துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். அந்தத் துண்டு சொன்னது என்ன? 'இன்ன கங்காணியின் ஆட்களுக்கு இன்ன தொகை கடன் உண்டு. அதனைச் செலுத்தினால் அவர்கள் விடுவிக்கப்படுவர்' என்பதே. கவ்வாத்து வெட்டுவதில் இவன் கைதேர்ந்தவன் என்றோ, இவள் பறிக்கும் கொழுந்து பழுதற்றது என்றோ அதில் ஒரு சொல்லும் இராது. வேலை தேடிச் சென்ற மனிதனுக்கு முன்னே அவனுடைய கடன் நடந்து போயிற்று. 1921ஆம் ஆண்டில் சட்டம் இயற்றித் துண்டு முறையை ஒழித்தனர்.

காகிதத்தின் தொல்லை அத்துடன் தீரவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, மிகுதி 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கி வைத்தது. 2003ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமே எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை கிடைக்க வழி செய்தது. பிரஜை அல்லாதவன் அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்பது எங்ஙனம்? எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளின் படிப்பு அந்த ஒரு கேள்வியில் நின்றுபோயிற்று.

இப்பழங்கதையை இங்கே விரித்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. டின் டிக்கட்டைப் பிறர் எழுதினர். துண்டைப் பிறர் எழுதினர். குடியுரிமைப் பட்டியலையும் பிறரே எழுதினர். நம்மைப் பற்றி நாமே எழுதி, நாமே கையொப்பமிட்டு அனுப்பும் வேலைக் காகிதம் சுயவிபரக் கோவையே. அதிலும் நாம் நம் கடனையும் குறையையுமே எழுதி அனுப்புவோமாயின், அது நாமே எழுதிக்கொண்ட துண்டு ஆகிவிடும்.

அப்படி எழுதுவோர் உண்டா என்று கேட்பீர்கள். நான் பிரித்த உறைகளில் நூற்றுக்கணக்கில் கண்டிருக்கின்றேன். 'ஐயா, நான் மிக வறிய குடும்பத்தைச் சேர்ந்தவன். தந்தையார் நோயாளி. எனக்குக் கீழே நான்கு சகோதரிகள். தாங்கள் கருணை கூர்ந்து...' என்று கடிதம் நடக்கும். வாசிப்பவருக்கு நெஞ்சு இளகத்தான் செய்யும். ஆனால் இளகிய நெஞ்சோடு அவர் அடுத்த உறையை எடுப்பார். அவர் தேடுவது கணக்கெழுத ஓர் ஆள். அந்தக் கடிதத்தில் கணக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லையே! வறுமை ஒரு தகைமை அன்று. ஆனால் அந்த வறுமைக்குள்ளே நின்று ஒருவன் செய்த காரியங்கள் இருக்கின்றனவே, அவை பெருந் தகைமைகள். இந்த வேறுபாட்டை உணர்ந்தவனுக்குச் சுயவிபரக் கோவை எழுதுவதில் பாதி வேலை முடிந்தது.

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவள். தாயார் கொழுந்து பறிப்பவர். அவள் எழுதிக்கொண்டு வந்த தாளில் குடும்பக் கஷ்டம் ஏழு வரி, கல்வி இரண்டு வரி, 'அனுபவம்' என்ற தலைப்பின் கீழ் 'இல்லை' என்ற ஒரே சொல்.

"பாடசாலை முடிந்து இரண்டு வருடமாக வீட்டில் என்ன செய்தாய், பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யலைங்க ஐயா. சும்மாதான் இருந்தேன்."

மெல்ல மெல்லக் கேட்டபின் தெரிந்தது. லயத்துப் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றாள். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு இரண்டு ஆண்டு வரவு செலவு எழுதியவள் அவளே. சிங்களம் அறியாத வயோதிபப் பெண்களை மாதந்தோறும் பேராதனை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, அவர்கள் சொல்வதை வைத்தியருக்குச் சிங்களத்திலும், வைத்தியர் சொல்வதை அவர்களுக்குத் தமிழிலும் எடுத்துச் சொல்லியிருக்கின்றாள்.

"அதெல்லாம் வேலையாங்க ஐயா? சம்பளம் ஒண்ணும் இல்லைங்களே!" என்றாள்.

"சம்பளம் இல்லாவிட்டால் வேலை இல்லை என்று யார் சொன்னது? அப்படிப் பார்த்தால் உன் அம்மா விடியற்காலையில் எழுந்து சமைப்பதும் வேலை இல்லையே!" என்றேன். சிரித்துவிட்டாள்.

அன்று அந்த ஏழு வரிகள் போயின. அவ்விடத்தில், எத்தனை பிள்ளைகளுக்கு, எந்த வகுப்புக்கு, எவ்வளவு காலம் கற்பித்தாள் என்பதும், கோயில் கணக்கும், இரு மொழிகளிலும் செய்த உதவியும் மூன்று வாக்கியங்களாக ஏறின. புதிதாக எதையும் நாங்கள் சேர்க்கவில்லை. இருந்ததை இருந்தவாறே எழுதினோம்.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. 'நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன், பொறுப்புணர்ச்சி மிக்கவன்' என்று எழுதாதார் எவருமில்லை. ஆதலால் அவ்வரிகளை வாசிப்பாரும் எவருமில்லை. 'பதினைந்து பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் கணக்குக் கற்பித்தேன்' என்று எழுதினால், உழைப்பும் பொறுப்பும் அதற்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. பண்பைச் சொல்லாதீர்கள், செயலைச் சொல்லுங்கள். அதனையும் எண்ணோடும் காலத்தோடும் சொல்லுங்கள்.

படிப்பைப் பாதியில் விட்டுத் தொழில் பழகியோரும் மனந்தளர வேண்டியதில்லை. மேசன், மின்னிணைப்பாளர், சமையற்காரர் முதலிய தொழில்களைக் கையாற் கற்றவருக்கு, அவர் ஏற்கெனவே பெற்ற திறமையைச் சோதித்து, தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நம் நாட்டில் உண்டு. ஏழு மட்டங்களைக் கொண்ட அத்தகைமையில் தமக்குரிய மட்டத்தைப் பெற்றுக்கொண்டால், 'பத்து வருட அனுபவம்' என்ற வாய்ச்சொல் எழுத்தில் நிற்கும் சான்றாகிவிடும்.

நிற்க. நம் திறமைகளை எல்லாம் அறிந்துகொண்டோம். எல்லாவற்றையும் எல்லோருக்கும் எழுதலாமா? இதற்கு ஐரோப்பாவிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். ஏறக்குறைய 1482ஆம் ஆண்டில் லியனார்டோ டா வின்சி, மிலான் நகரின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த லுடோவிக்கோ ஸ்போர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் வரைந்தார். உலகம் போற்றும் ஓவியர் அவர். ஆயினும் கடிதத்தின் முற்பகுதி முழுவதும் ஓவியத்தைப் பற்றிய பேச்சே இல்லை. எடுத்துச் செல்லத் தக்க இலேசான பாலங்கள் அமைப்பேன், முற்றுகையில் அகழி நீரை வற்றச் செய்வேன், பீரங்கிகள் செய்வேன் என்று ஒவ்வொன்றாக இலக்கமிட்டு எழுதினார். சமாதான காலத்தில் கட்டடம் அமைக்கவும் நீரைக் கொண்டு செல்லவும் வல்லேன் என்று அதற்குப் பின் சொன்னார். சிற்பமும் ஓவியமும் கடைசியிலேயே வந்தன. எதிலேனும் ஐயம் உண்டாயின், தங்கள் பூங்காவிலேயே செய்து காட்டச் சித்தமாயிருக்கின்றேன் என்றும் முடித்தார். போர் அபாயம் சூழ்ந்த ஓர் ஆட்சியாளனுக்கு முதலில் வேண்டியது எது என்பதை அவர் அறிந்திருந்தார். அதே லுடோவிக்கோவுக்காகவே பிற்காலத்தில் 'இறுதி இராப்போசனம்' என்ற ஓவியத்தைத் தீட்டினார் என்பது வேறு கதை.

ஆகவே, விளம்பரத்தை மூன்று முறை வாசியுங்கள். அவர்கள் கேட்பவற்றைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். அவற்றுள் உங்களிடம் உள்ளவற்றை முதலில் எழுதுங்கள். கண்டி நகரத்து ஹோட்டலுக்கு எழுதுகையில் மொழியறிவும் விருந்தினரோடு பழகிய அனுபவமும் முன்னிற்கட்டும். வங்கிக்கு எழுதுகையில் கணக்கறிவு முன்னிற்கட்டும். ஒரே கோவையை ஐம்பது பிரதி எடுத்து ஐம்பது இடங்களுக்கு அனுப்புவது, ஒரே அளவுச் சட்டையை ஐம்பது பேருக்குத் தைப்பது போலாகும்.

அமைப்பைப் பற்றிச் சிறிது சொல்வேன். புதிதாக வேலை தேடுவோருக்கு ஒரு பக்கம் போதும். அனுபவசாலிகளுக்கு இரண்டு பக்கம். பெயர், விலாசம், தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவை தலைப்பில் வரவேண்டும். கல்வியையும் தொழிலையும் அண்மையில் நிகழ்ந்தது முதலாகப் பின்னோக்கி எழுதுவது வழக்கம். ஆண்டுகளைத் தவறாது குறிக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும். விளையாட்டாக வைத்த பட்டப்பெயரில் வேண்டாம். மொழிகளைக் குறிக்கும்போது 'தமிழ், சிங்களம், ஆங்கிலம் தெரியும்' என்று ஒரே மூச்சில் சொல்லாமல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். கண்டி போன்ற மும்மொழி நகரத்தில், சிங்களம் நன்கு பேசும் தமிழ்ப் பிள்ளைக்கும், அதனை எழுதவும் வல்ல பிள்ளைக்கும் மதிப்பு வேறுபடும். இனி ஒன்று: கேட்கப்படாதவிடத்துச் சாதி, சமயம், பெற்றோரின் தொழில் முதலியவற்றை எழுதுவது அவசியமன்று.

பெயர் விஷயத்தில் எம்மவர் படும் பாடு தனி. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் லெட்சுமி, பாடசாலை இடாப்பில் லக்ஷ்மி, அடையாள அட்டையில் இலட்சுமி என்று ஒரே பெண் மூவராகிவிடுவாள். முன்பு பதிந்தவர் தமக்குக் கேட்டபடி எழுதியதன் பயன் இது. வேலை கிடைக்கும் நேரத்தில் இது விக்கினமாய் முளைக்கும். ஆதலால், பெயர் வேறுபாடு இருந்தால் விண்ணப்பிக்கும் முன்னரே பிரதேச செயலகத்துப் பதிவாளர் பிரிவில் விசாரித்துக்கொள்வது நன்று. சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்வோரும் உண்டு. கோவையில் தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரையே எழுதுங்கள்.

அரசாங்க உத்தியோகத்துக்கு வழி வேறு. வெள்ளிக்கிழமைதோறும் வெளிவரும் வர்த்தமானியில் விளம்பரத்தோடு மாதிரிப் படிவமும் வரும். அங்கே உங்கள் அழகுணர்ச்சிக்கு இடமில்லை. எந்தத் தலைப்பு எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று சொல்லியிருப்பின் அந்தப் பக்கத்திலேயே வரவேண்டும். கையொப்பத்தை அதிபர், சமாதான நீதவான் போன்ற, அறிவித்தலில் குறிப்பிட்ட ஒருவர் அத்தாட்சிப்படுத்த வேண்டும். உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதி, முடிவுத் திகதிக்கு முன் போய்ச் சேருமாறு பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். திறமைக் குறைவாலன்றி, இவற்றுள் ஒன்றைத் தவறவிட்டமையால் விலக்கப்படும் விண்ணப்பங்கள் உண்டு.

விலாசம் என்று மேலே ஒரு சொல்லாற் சொல்லிச் சென்றேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு சொல்லில் முடியும் விஷயமன்று. நகரத்தில் தபாற்காரர் வீட்டு வாசலில் கடிதத்தைக் கொடுப்பார். தோட்டத்திலோ, வீதிப் பெயரும் வீட்டிலக்கமும் இல்லாத லயங்களுக்குரிய கடிதங்கள் பெரும்பாலும் தோட்டக் கந்தோருக்கே வந்து சேரும். அங்கிருந்து யாரேனும் எடுத்து வந்தால் உண்டு. நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு முதல் விண்ணப்பத்திலேயே நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. திங்கட்கிழமை நேர்முகம், கடிதம் அவள் கைக்குக் கிடைத்தது வியாழக்கிழமை. "மூணு நாள் முந்திக் கிடைச்சிருந்தா போயிருப்பேனுங்க" என்று சொல்லும்போது அவள் அழவில்லை. நான் தான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த தாளில் விலாசத்தை மாற்றினோம். நகரில் அவளுடைய மாமா வேலை செய்யும் கடையின் விலாசத்தை, முதலாளியின் சம்மதத்தோடு தபால் விலாசமாகக் கொடுத்தோம். தன்னுடைய தொலைபேசி இலக்கத்தோடு, மலைச்சரிவில் சிக்னல் கிடைக்காத வேளைக்காக மாமாவின் இலக்கத்தையும் சேர்த்தாள். நான்கு மாதத்துக்குப் பின் வேறோர் இடத்திலிருந்து அழைப்பு வந்தது. நேர்முகத்தில் அவளிடம் பரீட்சைப் பெறுபேற்றைப் பற்றி ஒரே கேள்வி. மற்றக் கேள்விகள் யாவும் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்ற கிழவிகளைப் பற்றியே! வந்து போவோரை வரவேற்று விபரம் சொல்லும் வேலை அது. இன்று அவள் அங்கே மூன்று மொழியிலும் பேசிக்கொண்டிருக்கின்றாள்.

உண்மையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம் சரளமாகப் பேசுவேன் என்று எழுதியவன், முதற் கேள்வி ஆங்கிலத்தில் வந்தவுடன் வியர்த்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கின்றேன். 'வாசித்து விளங்கிக்கொள்வேன், பேசப் பயின்று வருகின்றேன்' என்று எழுதியிருந்தால் அவனுக்கு ஒரு குறையும் வந்திராது. நற்சான்று பகர்வோராக உறவினரல்லாத இருவரின் பெயரைக் கேட்பார்கள். பெரிய மனிதரின் பெயர் வேண்டும் என்று அலையாதீர்கள். உங்களை நேரில் அறிந்த ஆசிரியர் ஒருவர், உங்கள் பெயரைக் கேட்டவுடன் முகம் தெரியாது விழிக்கும் அரசியல்வாதியிலும் மேலானவர். ஆனால் அவரிடம் முன்னரே அனுமதி கேட்டுக்கொள்வது மரியாதை.

இப்போது செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களும் கோவை எழுதித் தருகின்றன. எழுத்துப் பிழை திருத்தவும், ஆங்கில நடையைச் சீர்ப்படுத்தவும் அவை உதவும். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கோயில் திருவிழாக் கணக்கு இயந்திரத்துக்குத் தெரியாது. நீங்கள் சொல்லாதவரையில் அது எல்லோருக்கும் எழுதும் அதே மினுமினுப்பான வாக்கியங்களையே உங்களுக்கும் எழுதும். பிறர் எழுதிய காகிதங்களால் நாம் பட்டது போதும். விஷயம் உங்களுடையதாக இருக்கட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை மாலையில், உங்கள் பிள்ளை வேலைக்கு எழுத உட்காரும்போது, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். ஆங்கிலம் தெரியாதே, படிக்கவில்லையே என்று ஒதுங்க வேண்டாம். பிள்ளை மறந்துபோன செயல்களை நினைவில் வைத்திருப்பவர்கள் நீங்கள்தாம். மழை வெள்ளத்தில் பாதை அடைபட்டபோது யார் பொருள் பங்கிட்டது, பாட்டி படுத்த படுக்கையானபோது யார் மருந்து வேளை தவறாமல் கொடுத்தது, தம்பிமாரின் பாடத்தை யார் பார்த்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பிள்ளை அவற்றுள் தக்கனவற்றைத் தெரிந்து எழுதட்டும். நம் பாட்டன்மார் கையிலிருந்த தாளில் அவர்கள் பட்ட கடன் எழுதப்பட்டிருந்தது. நம் பிள்ளைகளின் தாளில் அவர்கள் செய்த காரியங்கள் எழுதப்படட்டும்.